செவலையின் கிளட்ச்

ஜூன் 6, வியாழன்

வண்டி வந்துவிட்டது. சிவப்பு நிறம், இரட்டைக் குழல் சைலன்சர், ஆறு கியர், பளபளக்கும் அலுமினியப் பெடல்கள். வெளியிலிருந்து பார்த்தால் காய்கறி வாங்கப் போகும் சின்னக் கார் மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கும் எஞ்சின் வேறு ரகம். செவலை என்று பெயர் வைத்துவிட்டேன். ரேக்ளா பந்தயத்தில் ஓடும் செவலைக் காளைக்கும் இதே குணம்தான், நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. பூசணிக்காயும் உடைத்தாயிற்று. பிறகு என் வீட்டுக்காரர் மருதாசலம், தென்னந்தோப்பும் ஜீப்பும் இருந்தால் உலகில் வேறொன்றும் வேண்டாம் என்று நம்புகிறவர், இடப்பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“ஏங் கோகிலா, சீட்டு எங்கே? தரையிலயே உக்காரோணுமா?”

“பந்தில உக்கார்ற மாதிரி உக்காருங்க.”

“பந்தின்னா எலை போட்டுப் பாயசம் ஊத்துவாங்க. இதுல என்ன கெடைக்கும்?”

உட்கார்ந்தார். முதல் வேகத்தடையில் “ஐயோ” என்றார். இரண்டாவதில் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறுவது போல ஏறினார். இனி இந்தப் பட்டாசுக்குள் காலே வைக்கமாட்டாராம். நல்லது, இட நெருக்கடி தீர்ந்தது.

ஐம்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் தயாராக இருக்கிறது. நான் மயக்க டாக்டர். எனக்கென்று ஆஸ்பத்திரி கிடையாது. பொள்ளாச்சியைச் சுற்றி யார் தியேட்டர் வைத்திருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் உடுமலையில் ஒரு குடல்வால், மதியம் ஆனைமலையில் ஒரு கர்ப்பப்பை, சாயங்காலம் கிணத்துக்கடவில் ஒரு பிரசவம். கத்தி பிடிக்கிறவர் அங்கேயே இருப்பார். மூச்சைப் பிடிக்கிறவள் வந்து சேர வேண்டும். நான் போகாமல் யாரும் யார் வயிற்றையும் திறக்க முடியாது. அப்படிப்பட்டவள் மாட்டுவண்டியிலா போவாள்?

ஜூன் 12, புதன்

இதை ஞாயிற்றுக்கிழமை வண்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஷோரூம் பையன் ரகசியம் போலச் சொன்னான். தினமும் ஓட்ட முடியாதாம். முடிகிறதே! இன்று காலை மயக்க மருந்துப் பை, ஒரு தார் வாழைப்பழம், சலவைக்குப் போட வேண்டிய தியேட்டர் உடுப்பு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க பத்துத் தேங்காய், எல்லாம் பின்னால் ஏறின. மூன்றாவது கியரில் செவலை சீறியபோது தேங்காய்கள் மட்டும் கொஞ்சம் பேசிக்கொண்டன.

கோயமுத்தூர் ரோட்டில் நான் தொடுவதற்கு முன்பே போய்விடுகிறது. அந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெரும்பாலும் பாட்டுக்கூடப் போடுவதில்லை. எஞ்சினே போதும்.

ஜூன் 19, புதன்

ஆச்சிப்பட்டி அருகே தனியார் பஸ் ஒன்றை முந்தினேன். கண்டக்டர் படியில் நின்று கும்பிட்டார்.

ஜூன் 28, வெள்ளி

இடது இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கம் வழியாக ஒரு வலி. சீட்டு தாழ்வாக இருப்பதால்தான். பின்முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன். நாளையிலிருந்து சரியாகிவிடும்.

புதுச் செருப்பும் சரியில்லை. உடுமலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறேன், பின்னால் துப்புரவு அம்மா ஓடி வருகிறார். “டாக்டரம்மா, செருப்ப விட்டுட்டுப் போறீங்க.” இடது கால் செருப்பு நாலு தப்படி பின்னால் தனியாகக் கிடந்தது. கழன்றதே தெரியவில்லை. இப்போது செருப்பெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள், வார் பிடிப்பதே இல்லை.

ஜூலை 5, வெள்ளி

கிளட்ச்சில் ஏதோ கோளாறு. ஒருநாள் பாதி அழுத்தத்தில் பிடிக்கிறது, இன்னொரு நாள் முழுக்க விட்டாலும் பிடிப்பது தெரியவில்லை. சிக்னலில் வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றுபோகிறது. பின்னால் நின்ற டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். பெண் ஓட்டினால் அவர்களுக்கு ஹாரன் தானாகவே அடிக்கும்.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிளட்ச் நல்லாருக்குங்க மேடம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 11, வியாழன்

இன்று எழுதியே ஆக வேண்டும். மதியம் சாப்பிட உட்காரும்போது கிணத்துக்கடவிலிருந்து டாக்டர் அமுதவல்லி போன் செய்தார். பிரசவ கேஸ், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போகிறது, உடனே எடுக்க வேண்டும். கையைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. செவலை இன்றைக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! நான் உள்ளே நுழைந்தபோது பெண்ணை அப்போதுதான் மேசையில் ஏற்றியிருந்தார்கள்.

குழந்தை முதலில் அழவில்லை. பிறகு அழுதது. அழுதபோது தியேட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அமுதவல்லி என்னைப் பார்த்து, “உங்க பழைய வண்டியா இருந்தா இந்நேரம் வேற மாதிரி போயிருக்கும்” என்றார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும் ஜீப்பில் போயிருந்தாலும் போயிருக்கலாம் என்றார். மனிதருக்குப் பிடிவாதம் அதிகம்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் இரண்டு முறை எஞ்சின் நின்றது. கிளட்ச்தான்.

ஜூலை 19, ஆடி வெள்ளி

மறுபடி சர்வீஸ் சென்டர். மறுபடி அதே பாட்டு. மேனேஜர், தலைமுடிக்கு ஏதோ பசை தடவிய இளைஞர், என்னை உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து, “மேடம், ரெண்டு பேர் தனித்தனியா ஓட்டிப் பாத்துட்டோம்ங்க. கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் காட்டலீங்க” என்றார்.

“கம்ப்யூட்டருக்குக் கால் இருக்குதுங்களா? கிளட்ச் மிதிக்கறது நான்.”

வீட்டுக்கு வந்து புலம்பியதில், காலே வைக்கமாட்டேன் என்ற சத்தியத்தை மீறி என் வீட்டுக்காரரே ஏறி ஊஞ்சவேலாம்பட்டி வரை ஓட்டிவிட்டு வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். இறங்கியவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. வண்டி பிடித்துவிட்டது போல, சொல்ல மனசில்லை.

“கிளட்ச் வெண்ணெய் மாதிரி எறங்குது. ஒரு கொறையும் இல்ல.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

“நான் அப்படிச் சொல்லல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்குது.”

முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவளைப் பார்த்து ஆடத் தெரியாதவள் என்கிறார். இரவுச் சாப்பாட்டைத் தனித்தனியாகச் சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

சொன்னால் சிரிப்பார்கள். ஆனைமலையில் கேஸ் முடிந்ததும் மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்தேன்.

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்களின் கடைசிப் போக்கிடம் அது. களவு போனால், ஏமாற்றப்பட்டால், போலீசும் பஞ்சாயத்தும் கைவிட்டால், அங்கே போய் ஆட்டுக்கல்லில் வரமிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூச வேண்டும். குற்றம் செய்தவனுக்கு எரியும். நியாயம் கிடைத்த பிறகு அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு செய்து குளிரவைக்க வேண்டும். எம்.டி. படித்தவள் செய்யலாமா என்றால், எம்.டி. படிப்பில் சர்வீஸ் சென்டரை என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

எனக்கு முன்னால் நகை தொலைத்த ஒரு அம்மா அழுதுகொண்டே அரைத்தார். என் முறை வந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பூசிவிட்டு மனசுக்குள் சொன்னேன்: “தாயே, கோளாறை மறைக்கிறது யாரோ, அவங்களக் காட்டிக் குடு.” மேனேஜர் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கும்.

கோயில் வாசற்படியில் இடது கால் பெருவிரல் இடித்து ரத்தம். வலிக்கவே இல்லை. அம்மன் அருள்.

ஜூலை 30, செவ்வாய்

டாக்டர் ஹபீப் இன்று என்னை வராந்தாவில் பார்த்து, “மேடம், காலுக்கு என்னாச்சு? இழுத்து நடக்கறீங்க” என்றார். இவரும் மயக்க டாக்டர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நான் வர முடியாது என்று சொல்லும் இடங்களுக்கெல்லாம் இவர்தான் போகிறார். என் காலில் அவருக்கு என்ன அக்கறை என்று எனக்குத் தெரியாதா?

“புதுச் செருப்பு” என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கிணத்துக்கடவு ஆஸ்பத்திரி வாசலில் இன்று ஒரு சின்ன விஷயம்.

வாட்ச்மேன் வேலுச்சாமி எனக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு, வழக்கம்போல வணக்கம் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். நான் முதல் கியரில் மெதுவாக உள்ளே நுழைந்தேன். கிளட்ச் பெடல் காலை விட்டு நழுவியது. வண்டி தாவியது. வலது கால் பிரேக்கை மிதித்துவிட்டது. அவர் வயிற்றுக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

“ஒண்ணுமில்லீங்க அம்மிணி. ஒண்ணும் ஆகலீங்க. நீங்க போங்க, உள்ளார கேஸு காத்துட்டிருக்குது.”

அவர் அங்கே நின்றிருக்கக் கூடாது. வண்டி வரும் வழியில் யாராவது நிற்பார்களா?

வீட்டில் இதைச் சொன்னபோது அப்படித்தான் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய் என் இடது செருப்பை எடுத்து வந்து மேசைமேல், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். நுனி தேய்ந்து பிய்ந்திருந்தது. வலது செருப்பையும் வைத்தார். அது புதுசு போல இருந்தது.

“ஒரே கடை, ஒரே நாள் வாங்குனது” என்றார். “நீ நடக்கறப்ப டப்பு டப்புன்னு ஒரு சத்தம் கேக்குது கோகிலா. ஒரு மாசமாக் கேக்குது.”

“சாப்பாட்டு மேசைல செருப்ப வெக்கற வீடு இதுதான்” என்று எழுந்துவிட்டேன்.

வேலுச்சாமியின் கும்பிட்ட கை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவருக்கு இரண்டு பேத்திகள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

உடுமலைக்கு வாடகைக் காரில் போனேன். செவலையைத் துடைக்க வேண்டியிருந்தது, அதனால்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்றும் கிணத்துக்கடவுதான். சிசேரியன். அவசரமில்லாத கேஸ், அதனால் செவலையிலேயே, இரண்டாவது கியரைத் தாண்டாமல் போனேன். முதல் பிரசவத்துக்கு வந்திருந்த சின்னப் பெண், என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்தேன்.

ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முதலில் கையில் தொடுவோம். சில்லென்று இருக்கும். பிறகு காலில் தொடுவோம். சில்லென்று இல்லை என்றால் மரத்துவிட்டது என்று அர்த்தம். இருபத்து சொச்சம் வருடமாக இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“இங்க சில்லுனு இருக்குதா கண்ணு?”

“இருக்குதுங்க டாக்டர்.”

“கால்ல?”

“இல்லீங்க. எதோ தொடற மாதிரி இருக்குது, சில்லுனு இல்லீங்க.”

சரி என்று திரும்பியபோது என் முழங்கை ட்ராலியில் பட்டது. சிஸ்டர் புஷ்பலீலா சொன்னார், “டாக்டர், உங்க கால்ல ஸ்பிரிட் பூராக் கொட்டிருச்சு!”

குனிந்து பார்த்தேன். பாட்டில் கவிழ்ந்து, ஸ்பிரிட் என் இடது பாதத்தின் மேல் வழிந்து விரல்களுக்கிடையே சொட்டிக்கொண்டிருந்தது. பாதம் பளபளவென்று நனைந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல இருந்தது.

“ஆரம்பிக்கலாமா டாக்டர்?” என்று அமுதவல்லி கேட்டார்.

மேசையில் இருந்தவளின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மறுபடி பார்த்தேன். “ஆரம்பிங்க” என்றேன். என் குரலில் எந்த மாற்றமும் இல்லை, அதை நான் கவனித்தேன். அந்தப் பெண் தையல் முடிந்து வார்டுக்குப் போகும்வரை அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பெண் குழந்தை. நல்ல குரல்.

பிறகு உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்த் தாழ்போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, பஞ்சை நனைத்தேன். வலது பாதம்: சில். இடது பெருவிரல்: இல்லை. மேல்பாதம்: இல்லை. உள்ளங்கால்: இல்லை. பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி நானே எனக்கு உத்தரவு போட்டேன். அது தூங்குகிற குழந்தை மாதிரி அப்படியே கிடந்தது.

கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது. தொடை வலி, கழன்ற செருப்பு, இடித்த விரல். வேறொருத்தி இந்த மூன்றையும் சொல்லியிருந்தால் அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் கிளட்ச் என்று தோன்றியது. மிளகாய் அரைத்துக் கேட்டேனே, கோளாறை மறைக்கிறது யார் என்று. அம்மன் காட்டிவிட்டாள்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வேலுச்சாமி கேட்டைத் திறக்க ஓடினார். இன்றும் வணக்கம் வைத்துக்கொண்டு முன்னால்தான் நின்றார். என்னால் அந்த வண்டியில் ஏற முடியவில்லை. வீட்டுக்கு போன் செய்தேன்.

“ஏனுங்க, வந்து என்னயக் கூட்டிட்டுப் போறீங்களா?”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் இப்படிக் கேட்டதில்லை. அவர் காரணம் கேட்கவில்லை. பஸ் ஏறி வந்தார். செவலையின் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். நான் முதல்முறையாக இடப்பக்கம் பந்தியில் உட்கார்ந்தேன். பொள்ளாச்சி வரும்வரை அவர் ஒரு கையால் கியரையும் அவ்வப்போது என் முழங்காலையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்கேன் எடுத்தாயிற்று. படத்தைப் பார்க்க யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பிதுங்கியதைத் தாமதிக்காமல் எடுக்க வேண்டும் என்கிறார் கோயமுத்தூர் சர்ஜன். ஆடி முடியட்டுமே என்று இழுத்தார் என் வீட்டுக்காரர். நரம்புக்கு ஆடி, ஆவணி தெரியாது என்றேன். திங்கட்கிழமை ஆபரேஷன்.

நரம்பு திரும்புமா என்று கேட்டதற்கு, “பாக்கலாம் மேடம்” என்றார் சர்ஜன். இந்தப் “பாக்கலாம்” எனக்குத் தெரியும். நானும் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பாவிட்டால் கால் இழுத்தபடிதான். கிளட்ச் கிடையாது, செவலை கிடையாது. யாராவது கூட்டிப்போனால்தான் கேஸ். கூப்பிட்டதும் போய் நிற்பவள் என்ற ஒன்றுதான் நான். அது போனால் மீதி என்ன என்று யோசித்தேன். மீதி அவ்வளவாக இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எனக்கு மயக்கம் கொடுக்க யார் வேண்டும் என்று கேட்டார்கள். ஹபீப் என்றேன். கேள்விப்பட்டதும் அவரே போன் செய்தார்.

“மேடம், நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க கேஸெல்லாம் நான் பாத்துக்கறேன். வந்ததும் எடுத்துக்குங்க. எனக்கு உங்க அளவுக்கு ஓட முடியாது.”

ஜூலை 30-ல் அவரைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்று மேசையில் படுத்து, நான் தினம் பார்க்கும் விளக்கை முதல்முறை கீழிருந்து பார்த்தேன். அசிங்கமான விளக்கு. முகத்தில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு ஹபீப் சொன்னார், “ஒரு நல்ல எடமா நெனச்சுக்குங்க மேடம். நான் இங்கயேதான் இருப்பேன்.” நான் நோயாளிகளிடம் சொல்லும் வார்த்தைகள். என்னோடு வேலை பார்த்தபோது பொறுக்கி வைத்திருக்கிறார்.

கோயமுத்தூர் ரோட்டை நினைத்தேன். மூன்றாவது கியர் வரை ஞாபகம் இருக்கிறது.

தொடை வலி போய்விட்டது. இன்று காலை ஹபீப் பஞ்சோடு வந்து நின்றார். “சில்லுனு இருக்கா மேடம்?” பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இல்லை.

செப்டம்பர் 11, புதன்

தினமும் பிசியோதெரபிக்கு அவர்தான் கூட்டிப்போகிறார். ஜீப்பில் போனால் முதுகு குலுங்கும் என்று செவலையில். இதில் குலுங்காதாம்! முதல் வேகத்தடையில் “ஐயோ” என்ற மனிதர் இவர்தான். வரவர அவர் தலை சீவிக்கொண்டு கிளம்புவதையும், வழியில் தோப்புக்காரர்கள் யாராவது நின்றால் தேவையில்லாமல் கியர் குறைத்து உறுமவிடுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று பஸ்ஸை முந்தினார். நான் “மெதுவாங்க” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் இருவரும் சிரித்தோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அவர் அக்கா, என் நங்கையா, பார்க்க வந்தார். “இந்த வண்டியாலதான் எல்லாம். வித்துப்போட்டு கிளட்ச் இல்லாத பெரிய வண்டியா ஒண்ணு வாங்கிக்குங்க” என்றார். வண்டியால் இல்லை, தட்டு அதற்கு முன்பே தேய ஆரம்பித்திருக்கும் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. நானே அப்படி யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். விரல் அசையவில்லை. பாதம் தொங்காமல் தூக்கிப் பிடிக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.

“வித்தரலாமுங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “உன்ற கால் வர்றப்ப அது நிக்கோணும். வராட்டி அப்பறம் பாக்கலாம். வண்டியப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம்.” அவர் அக்காவிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ஆடத் தெரியாதவள் என்றதற்காக அவரை மன்னித்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

கிணத்துக்கடவு போனேன், கேஸுக்கு அல்ல. வேலுச்சாமியைப் பார்க்க. அன்றைக்கு என் கால் மரத்திருந்தது, தெரிந்திருக்க வேண்டியவள் தெரியாமல் ஓட்டினேன், உங்களை இடித்திருப்பேன் என்று நேராகச் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

அவர் பதறிப்போனார். “அழுவாதீங்க அம்மிணி. உங்கள மாதிரி வேகமா வர்றவங்க இருந்தாத்தானுங்க எங்கூருப் புள்ளைக தப்பிக்கும். ஒண்ணு மட்டும் சொல்றனுங்க. இனிமே நான் ஓரமா நின்னே வணக்கம் வெக்கறேன்.”

அக்டோபர் 9, புதன்

பெருவிரல் அசைந்தது. பிசியோதெரபிப் பெண் பார்க்கும் முன்பே நான் பார்த்துவிட்டேன். எறும்பு கடித்தால் அசையுமே, அந்த அளவுதான். வீட்டுக்கு வந்து அவருக்கு மூன்று முறை செய்து காட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூன்று முறையும் “அட” என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு முன்னால் கடன்களையெல்லாம் தீர்க்க வேண்டும். சர்வீஸ் சென்டர் மேனேஜருக்கு ஒரு பெட்டி மைசூர்பாக்கு கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றேன். மறுபடி ஏதாவது புகாரா என்று பயந்து எழுந்து நின்றார். மிளகாய் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் மைசூர்பாக்கு இறங்காது.

அங்கிருந்து ஆனைமலை. அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு செய்தோம். நியாயம் கிடைத்தவர்கள் செய்வது. எனக்குக் கிடைத்ததும் நியாயம்தான், நான் கேட்ட ஆளுக்கு எதிராக இல்லை, அவ்வளவுதான்.

வெளியே வரும்போது அவர் சொன்னார், “இனி யாருக்காச்சும் மொளகா அரைக்கறதுக்கு முன்னாடி என்ற கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.”

நவம்பர் 8, வெள்ளி

பட்டையைக் கழற்றிவிட்டேன். டப்பு சத்தம் இல்லை. அவரே சொன்னார். பாதத்தை முழுதாகத் தூக்குகிறேன், முழுதாக அழுத்துகிறேன். பலம் வந்துவிட்டது என்கிறார் சர்ஜன். உணர்ச்சி எப்போதும் பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலும் போகும். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாத காலோடு நான் ஓட்டப்போவதில்லை. வேலுச்சாமி ஓரமாக நின்றாலும் சரி.

தினமும் காலையில் பஞ்சு. தினமும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கார்த்திகை இரண்டு. ராத்திரி மழை பெய்து விடிந்திருந்தது. பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. வாங்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெறும் காலோடு ஷெட்டுக்குப் போனேன். தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். செவலையின் கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டை முன்னுக்கு இழுத்தேன். எதையும் யோசிக்காமல், பழக்கத்தில், இடது காலைத் தூக்கி கிளட்ச்மேல் வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

காலை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த அலுமினியம், அதன்மேல் இருக்கும் ரப்பர் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவில் சில்லென்ற உலோகம். பெருவிரலில், உள்ளங்காலில். மெதுவாக அழுத்தினேன். அது எங்கே கனக்கிறது, எங்கே இளகுகிறது என்று பாதம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. வெண்ணெய் மாதிரிதான் இருக்கிறது. அவர் சொன்னது சரி.

ஷெட் வாசலில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“என்ன கோகிலா?”

“சில்லுனு இருக்குதுங்க.”

அவர் டம்ளரை அப்படியே ஷெட் தரையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடப்பக்கம் வந்து கதவைத் திறந்து, முனகிக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“அப்பறம் என்ன, கெளப்பு.”

வண்டி ஒரு குலுங்கல்கூட இல்லாமல் நகர்ந்தது.